பெயர் தெரியாத மென்பவளங்கள்: இனம் காண்பதும் வளர்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்ச்சீட்டு இல்லாத மென்பவளம் (கல் எலும்புக்கூடு இல்லாத பவளம்) ஒன்று நம் கடல்நீர் மீன்தொட்டிக்கு வந்துசேரப் பல வழிகள் உண்டு. கலவையாக வாங்கிய துண்டுகளோடு வரலாம். தொட்டியைக் கலைக்கும் நண்பர் கொடுத்ததாக இருக்கலாம். உயிர்ப்பாறையில் (நுண்ணுயிர்களோடு தொட்டியில் வைக்கும் பாறை) கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவந்து, மாதங்கள் கழித்துத் தலைகாட்டவும் செய்யலாம். சரியான இனப்பெயர் தெரியாமலேயே அதை நன்றாக வளர்க்க முடியும் என்று உறுதியாகச் சொல்வேன். எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது தெரிந்தால் ஒளி, நீரோட்டம், இடைவெளி, ஆபத்து ஆகிய நான்கும் தெரிந்துவிடும். அந்தக் குழுவைக் கண்டுபிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இது மென்பவளம்தானா என்று எப்படி உறுதிசெய்வது?

பவளம் என்பது பாலிப் எனப்படும் சிற்றுயிர்களின் கூட்டம். நன்றாக விரிந்திருக்கும் ஒரு பாலிப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் வாயைச் சுற்றி விரல்கள்போல் இருக்கும் உணர்நீட்சிகளை எண்ணுங்கள். சரியாக எட்டு இருந்து, ஒவ்வொன்றின் இரு ஓரங்களிலும் இறகில் இருப்பதைப் போன்ற சிறு கிளைகள் இருந்தால் அது உண்மையான மென்பவளம். தோல் பவளங்கள், ஸீனியா, கென்யா மரம், பச்சை நட்சத்திரப் பாலிப், கடல்விசிறி எல்லாம் இந்த எட்டுக்கை கூட்டத்தைச் சேர்ந்தவை.

எட்டுக்கு மேல் இருந்து, பக்கக் கிளைகள் இல்லாமல் இருந்தால் நீங்கள் பார்ப்பது ஸோவாந்தஸ், காளான் பவளம், அனிமோன், கற்பவளம் ஆகியவற்றில் ஒன்று. இவற்றில் ஸோவாந்தஸும் காளான் பவளமும் கல் எலும்புக்கூடு இல்லாதவை என்பதால் வளர்ப்பவர்கள் அவற்றையும் மென்பவளங்களோடு சேர்த்தே பேசுவார்கள். உயிரியல் உறவின்படி காளான் பவளம் கற்பவளங்களுக்குத்தான் நெருக்கம். வளர்ப்பு முறை ஒத்துப்போவதால் இங்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

எதையெல்லாம் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும்?

நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், அது ஏமாற்றும். ஒரே பவளம் நீல விளக்கில் பச்சையாக ஒளிரும், வெள்ளை விளக்கில் மங்கிய பழுப்பாகத் தெரியும். ஒளியளவு மாறினால் சில வாரங்களில் நிறமே மாறிவிடும்.

முதலில் அடிப்பகுதியைப் பாருங்கள். தனித் தண்டில் நிற்கிறதா, பாறைமேல் விரிப்பாகப் படர்ந்திருக்கிறதா, ஒவ்வொரு பாலிப்பும் தனித்தனியே ஒட்டியிருக்கிறதா? அடுத்து, மென்மையாகத் தொட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாலிப்புகள் உடலுக்குள் முழுவதும் மறைகின்றனவா, சுருங்கி வெளியிலேயே நிற்கின்றனவா? இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். தோல் பவளமும் நட்சத்திரப் பாலிப்பும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸீனியா, அதன் உறவான அந்தீலியா, கென்யா மரம் ஆகியவற்றால் அப்படி மறைய முடியாது. தொடுவதற்குக் கையுறை கட்டாயம்; காரணம் கீழே வருகிறது.

புகைப்படம் எடுத்து மற்றவர்களிடம் கேட்பதாக இருந்தால் வெள்ளை விளக்கில் எடுங்கள். விரிந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று, பக்கவாட்டில் அடி தெரியும்படி ஒன்று. அளவு தெரிய அருகில் ஒரு பொருளும் இருக்கட்டும். நீல ஒளியில் எடுத்த ஒற்றைப் படத்தை வைத்து யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

தடித்த தண்டும் மேலே சதைப்பற்றான தலையும் இருக்கிறது. என்ன அது?

பெரும்பாலும் தோல் பவளம். இதில் மூன்று பேரினங்கள் அடிக்கடி தொட்டிகளுக்கு வருகின்றன. வெறுமையான தண்டின்மேல் ஓரம் மடிந்த குடை விரிந்திருந்தால் ஸார்கோஃபைட்டன். தண்டு குட்டையாகவும், மேற்பரப்பு தடித்த மேடுகளும் விரல்களுமாக எழும்பியும் இருந்தால் லோபோஃபைட்டம். சிறுவிரல்களாகக் கிளைத்து, தொட்டால் விறைப்பாக இருந்தால் ஸினுலேரியா.

ஐயம் தீரவில்லையென்றால் உருப்பெருக்கியால் பாலிப்புகளுக்கு இடையே உள்ள பரப்பைப் பாருங்கள். ஸார்கோஃபைட்டனிலும் லோபோஃபைட்டத்திலும் இரண்டு வகைப் பாலிப்புகள் உண்டு. உணர்நீட்சியோடு நீண்டு வருபவை ஒரு வகை. அவற்றுக்கு இடையே ஊசித்துளை அளவில் புள்ளிகளாகத் தெரிந்து, உடலுக்குள் நீரைச் செலுத்துபவை மற்றொரு வகை. ஸினுலேரியாவில் ஒரே வகைதான். புத்தகங்களில் நீளமாக விவரிக்கப்படும் வேறுபாடுகளைவிட இது வீட்டில் அதிகம் உதவும்.

மூன்றுக்கும் பராமரிப்பு ஏறத்தாழ ஒன்றே: நடுத்தர ஒளி, மேற்பரப்பில் அழுக்குத் தங்காத அளவுக்கு ஓட்டம், வளர இடம். குடை வடிவத் தோல் பவளம் ஓர் அடிக்கு மேலும் விரியக்கூடியது. கையளவுத் துண்டு என்று நினைத்துத் தொட்டியின் ஓரத்தில் நெருக்கி வைத்தால் பின்னால் இடம் மாற்றச் சிரமப்படுவீர்கள்.

மரம்போல் கிளைத்து, தளர்ந்து ஆடுகிறது. இதுவும் தோல் பவளமா?

கென்யா மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். பேரினப் பெயர் கேப்னெல்லா. சாம்பல் கலந்த பழுப்பு நிறம், கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பாலிப்புகள், தொட்டால் சுருங்கினாலும் உள்ளே போகாத தன்மை ஆகியவை அடையாளம். சிறு கிளைகளைத் தானே உதிர்ப்பது இன்னோர் உறுதியான சான்று. உதிர்ந்தவை நீரோட்டம் கொண்டுசேர்க்கும் இடத்தில் வேர்விட்டதுபோல ஒட்டிக்கொண்டு புதிய மரங்களாகும். அது நோயின் அறிகுறி இல்லை. அதன் இனப்பெருக்க முறை. உதிர்ந்த துண்டுகளை வாரம் ஒருமுறை பொறுக்கி எடுத்துவிடுவது நல்லது.

மிகவும் வழுவழுப்பாகவும் சளி நிறைந்தும் இருந்து, பாலிப்புகள் உள்ளே மறைந்தால் கிளாடியெல்லாவோ க்ளைக்ஸமோ ஆக இருக்கலாம். வளர்ப்பு முறையில் வேறுபாடு இல்லை.

பாலிப்புகள் கைபோல் மூடி மூடித் திறக்கின்றன.

ஸீனியா அல்லது அதன் நெருங்கிய உறவான ஹெட்டரோஸீனியா. இந்த அசைவு எதற்கு என்ற கேள்விக்குச் செங்கடல் பவளங்களை வைத்து நடத்திய ஆய்வு 2013ஆம் ஆண்டு பதில் தந்தது. அசைவால் பாலிப்பைச் சுற்றியுள்ள நீர் கலைகிறது. ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் திசுவிலிருந்து விரைந்து வெளியேறுகிறது. அதனால் உள்ளே வாழும் பாசிகளின் ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுகிறது. எந்நேரமும் அசைந்துகொண்டிருக்கும் உழைப்புக்கு இப்படி ஒரு பலன் இருப்பதை அறிந்தபின் அதைப் பார்க்கும் மகிழ்ச்சி கூடத்தான் செய்கிறது.

அசைவு சில நாள்கள் நின்றால் பதற வேண்டாம். நீரின் உப்பளவும் காரத்தன்மையும் திடீரென்று மாறினவா என்று மட்டும் பாருங்கள். ஸீனியா பிடித்துக்கொண்டால் வேகமாகப் பரவும். சுற்றிலும் மணல் உள்ள தனிப்பாறையில் வைப்பது நல்லது.

பாறைமேல் ஊதா விரிப்பு, அதிலிருந்து பச்சைப் புற்கள் எழும்புகின்றன.

பச்சை நட்சத்திரப் பாலிப். மூடும்போது விரிப்பு மட்டும் தெரியும். தொடர் விரிப்புக்குப் பதிலாகக் கொடிகள் ஓடி, ஒவ்வொரு பாலிப்பும் சிறு குழாயிலிருந்து எழும்பினால் க்ளாவுலேரியா. விரிப்பும் கொடியும் இல்லாமல் கடினமான செந்நிறக் குழாய்கள் அடுக்கடுக்காக இருந்தால் அது ட்யூபிபோரா என்னும் குழல் பவளம். எட்டுக்கை கூட்டத்தில் இருந்தும் கல்லாக எலும்புக்கூடு கட்டும் விதிவிலக்கு.

நட்சத்திரப் பாலிப்பை முதன்மைப் பாறை அடுக்கில் ஒட்டாதீர்கள். அதை முழுதாக அகற்ற முடியாது.

தட்டையான வட்டத் தகடுகள்?

காளான் பவளங்கள். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் டிஸ்கோஸோமா. மருக்களோ கிளைத்த மயிர் போன்ற நீட்சிகளோ இருந்தால் ரோடாக்டிஸ். சிறு கண்ணாடி முத்துகள் நெருக்கியது போலிருந்தால் ரிக்கார்டியா. மங்கிய ஒளியும் மெதுவான ஓட்டமும் இவற்றுக்குப் பிடிக்கும். அதிக ஒளியில் சுருங்கி வெளிறும். சில வேளை பாறையை விட்டே கழன்று மிதக்கும்.

பெரிய காளான்களில் ஓர் எச்சரிக்கை உண்டு. யானைக்காது எனப்படும் ஆம்ப்ளெக்ஸிடிஸ்கஸ் தன் விளிம்பைப் பையாகச் சுருக்கி உறங்கும் சிறுமீனை விழுங்கக்கூடியது.

பொத்தான்போன்ற பாலிப்புகள் கூட்டமாக இருக்கின்றன. ஸோவாந்தஸா, பாலித்தோவாவா?

பாலித்தோவா தன் உடல் திசுவுக்குள் மணல் துகள்களைப் பதித்துக்கொள்ளும். அதனால் தண்டு சொரசொரப்பாகவும் புள்ளி புள்ளியாகவும் தெரியும். பாலிப் பெரிதாகவும், நிறம் பெரும்பாலும் பழுப்பாகவும் இருக்கும். ஸோவாந்தஸ் மணலைச் சேர்க்காது, தண்டு வழவழப்பு. சிறிதாகவும் பளிச்சென்ற நிறங்களிலும் வருவது பெரும்பாலும் இதுதான்.

இந்த வேறுபாட்டை நீங்கள் வீட்டில் தவறாகக் கணிக்க இடமுண்டு. ஆகவே இரண்டையும் நஞ்சுள்ளவையாகவே கையாளுங்கள்.

அந்த நஞ்சு உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தானதா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பாலிடாக்ஸின் என்னும் இந்த நஞ்சு 1971ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த மாவியில், ஹானா பகுதியில் கிடைத்த பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் அதைக் கொல்லும் கடற்பாசி என்று ஏற்கெனவே அறிந்து விலக்கி வைத்திருந்தார்கள். உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சமநிலையில் வைக்கும் பம்பை அது திறந்த துளையாக்கிவிடுகிறது. இதயம், தசை, நரம்பு எதையும் விட்டுவைக்காது.

வெப்பம் இந்த நஞ்சை அழிப்பதில்லை. பாறையை வெந்நீரில் வேகவைத்துச் சுத்தம் செய்தவர்கள் அதன் ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன. எனவே பவளம் ஒட்டிய பாறையை ஒருபோதும் வேகவைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்காதீர்கள். நீருக்கு வெளியே உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அழுத்த நீர்ப்பாய்ச்சியால் அடிக்காதீர்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பாலிப்பை அழுத்தினால் நீர் கண்ணில் பீய்ச்சியடிக்கும். கருவிழியைக் கடுமையாகப் புண்ணாக்கும். கையில் காயம் இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அருகில் விடாதீர்கள். பயன்படுத்திய கருவிகளைக் காற்றோட்டமான இடத்தில் நீர்த்த பிளீச் கரைசலில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள்.

வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், நடுக்கம், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி இவற்றில் ஏதேனும் தொட்டி வேலைக்குப் பிறகு வந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பாலிடாக்ஸின் பாதிப்பாக இருக்கலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள். கேள்விப்படாத மருத்துவர் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைக்கக்கூடும்.

பழுப்பு நிறத்தில், ஒளி ஊடுருவும் உடலோடு, தொட்டவுடன் மின்னல் வேகத்தில் மறைகிறது.

அது பவளம் அல்ல, ஐப்டேஸியா என்னும் களை அனிமோன். மெல்லிய நீண்ட தண்டு, கூர்மையான நீள உணர்நீட்சிகள். வெட்டவோ நசுக்கவோ வேண்டாம். மிஞ்சும் துணுக்கு ஒவ்வொன்றும் புதிய உயிராகும். ஐப்டேஸியாவை மட்டுமே தின்று வாழும் பெர்கியா கடல்நத்தை நல்ல தீர்வு. சில பெப்பர்மின்ட் இறால்களும் தின்னும்.

கண்ணைப் பறிக்கும் சிவப்பு, ஆரஞ்சு. தண்டு கண்ணாடிபோல் இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். தண்டிலும் கிளைகளிலும் வெள்ளை ஊசிகள் வெளிப்படையாகத் தெரிந்தால் அது டென்ட்ரோநெஃப்தியா. மற்ற பல மென்பவளங்களின் திசுவில் வாழும் பாசிகள் ஒளியிலிருந்து உணவு தயாரித்துத் தருகின்றன. இதற்கு அந்த வசதி கிடையாது. கடலில் ஓயாமல் ஓடிவரும் நுண்ணிய தாவர மிதவைகளைப் பிடித்துத் தின்று வாழ்கிறது. வீட்டுத் தொட்டியில் அந்த அளவு உணவை இரவும் பகலும் கொடுத்தால் நீர் கெடும். கொடுக்காவிட்டால் சில மாதங்களில் பட்டினியால் கரைந்துபோகும். அழகுக்காக வாங்கி மெல்லச் சாகவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சரியான இனப்பெயரைக் கண்டுபிடிக்கவே முடியாதா?

ஆய்வகத்தில் முடியும். சிறு திசுத்துண்டைப் பிளீச்சில் கரைத்து, மிஞ்சும் சுண்ணாம்பு நுண்முட்களை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அவற்றின் வடிவம்தான் பல இனங்களைப் பிரிக்கிறது. படத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் வரை உறுதியாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

எந்தக் குழு என்றே தெரியவில்லை. எங்கே வைப்பது?

தொட்டியின் அடியில், ஒளி குறைந்த பக்கம், பம்பு நேராக அடிக்காத இடத்தில் தனிக்கல்லின்மேல் வையுங்கள். ஒளிமானி இருந்தால் 50 முதல் 100 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) வரை போதும். குறைந்த ஒளியைப் பெரும்பாலான மென்பவளங்கள் வாரக்கணக்கில் தாங்கும். திடீர் மிகை ஒளி சில நாள்களிலேயே வெளிறச் செய்துவிடும்.

பின் அதன் நடத்தையைப் பாருங்கள். தண்டு அளவுக்கு மீறி நீண்டு, ஒளியை நோக்கிச் சாய்ந்தால் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். சுருங்கி, நிறம் வெளிறினால் நிழலுக்கு மாற்றுங்கள். ஒருமுறை நகர்த்தினால் குறைந்தது ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள். தினமும் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் பவளங்களை அதிகம் வாட்டுகிறது.

நீரின் அளவுகள் எப்படி இருக்க வேண்டும்?

வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.026. காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (dKH, காரத்தன்மையின் அலகு). கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம்.

கடைசி இரண்டையும் பூஜ்யமாக்க முயலாதீர்கள். ஊட்டம் முற்றிலும் இல்லாத பளிங்கு நீரில் மென்பவளங்கள் இளைத்துப்போகும். மேலே சொன்ன எண்களைத் துல்லியமாகப் பிடிப்பதைவிட அவை ஏறியிறங்காமல் இருப்பது முக்கியம். மீன் நோய்க்குத் தரும் தாமிர மருந்து மட்டும் தொட்டிக்குள் வரவே கூடாது. அது பவளங்களையும் இறால்களையும் கொல்லும்.

தோல் பவளம் ஒரு வாரமாக மூடியே கிடக்கிறது. செத்துவிட்டதா?

மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் மின்னுகிறதா? அப்படியானால் தோலுரிக்கிறது. படிந்த பாசியையும் அழுக்கையும் இப்படித்தான் அது நீக்கிக்கொள்கிறது. சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். ஓட்டத்தைச் சற்றுக் கூட்டினால் படலம் எளிதாகக் கழன்று போகும். கையால் உரிக்க வேண்டாம்.

துர்நாற்றம், கறுத்துக் குழைந்த பகுதி, பழுப்புக் கூழ் ஆகியவை தெரிந்தால் அது அழுகல். தனி வாளியில் வைத்து, அழுகிய பகுதியைத் தாண்டி நல்ல திசு தொடங்கும் இடத்தில் கூர்மையான கத்தியால் வெட்டி நீக்குங்கள். தயங்கினால் முழுவதும் போய்விடும். மிஞ்சிய தண்டு மட்டும் இருந்தாலும் ஸார்கோஃபைட்டன் புதிதாகத் தலை வளர்க்கும்.

தனியாக உணவு கொடுக்க வேண்டுமா?

மீன்களுக்கு உணவிடும் தொட்டி என்றால் தேவையில்லை.

மற்ற பவளங்களோடு சேர்த்து வளர்க்கலாமா?

கவனத்தோடு வளர்க்கலாம். தோல் பவளங்கள் டெர்பீன் வகை வேதிப்பொருள்களை நீரில் கலந்து அண்டை உயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. அருகிலுள்ள கற்பவளம் காரணம் தெரியாமல் வாடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். செயலூட்டப்பட்ட கரியை வடிகட்டியில் வைத்து மாதந்தோறும் மாற்றுவது, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியை ஓடவிடுவது, வாரம் 10 விழுக்காடு நீரை மாற்றுவது ஆகிய மூன்றும் பெருமளவு உதவும். வளர்ந்த பிறகும் 15 சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும்படி வையுங்கள்.

புதிதாக வந்ததை நேராகத் தொட்டியில் விடலாமா?

கூடாது. தொட்டிநீர் நிரப்பிய வாளியில் அயோடின் கலந்த பவளக் குளியல் கொடுத்து, மருந்துப் புட்டியில் சொன்ன நேரம் கழிந்ததும் அலசி, தனிமைத் தொட்டியில் சில வாரங்கள் வையுங்கள். குளியல் பூச்சிகளைக் கொல்லும், முட்டைகளைக் கொல்லாது. ஆகவே வாரம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். ஸீனியா இத்தகைய குளியலைச் சரியாகத் தாங்காது. அதற்கு நேரத்தைக் குறையுங்கள்.

ஸோவாந்தஸ் கூட்டத்தில் தண்டுகளுக்கு இடையே தேடுங்கள். அவற்றைத் தின்னும் கடல்நத்தை தின்ற பாலிப்பின் நிறத்தையே பூண்டிருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட தட்டைச் சுருள் ஓட்டு நத்தையும் எதிரிதான்.

வெட்டிய துண்டு பசையில் ஒட்டவில்லை.

சளி விடும் பவளத்தில் எந்தப் பசையும் நிற்காது. சிறு கல்லின்மேல் வைத்து நூலால் தளர்வாகக் கட்டுங்கள். அல்லது கல்துண்டுகள் நிரப்பிய கிண்ணத்தில் போட்டு மேலே வலை கட்டுங்கள். ஓரிரு வாரத்தில் தானே பிடித்துக்கொள்ளும். காளான் பவளத்துக்குக் கிண்ண முறைதான் சிறந்தது. நட்சத்திரப் பாலிப்பின் விரிப்பு மட்டும் பசையில் நன்றாக ஒட்டும். வெட்டும் வேலை முழுவதையும் தனி வாளியில் செய்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

எல்லை தாண்டிக் கொண்டுபோகலாமா?

கற்பவளங்களும், குழல் பவளமும், நீலப் பவளமும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிச் சீட்டு தேவை. பெரும்பாலான மென்பவளங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நாட்டுச் சட்டங்கள் அதைவிடக் கடுமையாக இருக்கலாம். நட்சத்திரப் பாலிப் என்று நினைத்தது குழல் பவளமாக இருந்தால் சிக்கல்தான். அடியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்து பெருகிவிட்டது. மிஞ்சியதைக் கடலில் விடலாமா?

ஒருபோதும் கூடாது. ஸீனியா குடும்பத்தைச் சேர்ந்த உனோமியா ஸ்டோலோனிஃபெரா இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கு உரியது. அது வெனிசுவேலாவின் கரீபியக் கரையில் புகுந்து, அங்குள்ள பவளப்பாறைகளைப் போர்வையாக மூடிக்கொண்டு வருகிறது. மீன்தொட்டி வணிகம் வழியாகவே அது அங்கே சென்றதாகக் கருதப்படுகிறது. உங்களிடம் மிஞ்சியதை, என்ன குழு என்பதையும் பாலித்தோவாவாக இருந்தால் அதன் நஞ்சையும் சொல்லி, வேறொருவருக்குக் கொடுங்கள். வாங்க ஆள் இல்லையென்றால் ஈரமாகவே இறுக்கமான பையில் இட்டு உறையவைத்து, பின்னர் குப்பையில் சேருங்கள். கழிவுநீர்க் குழாயிலும் கால்வாயிலும் கொட்ட வேண்டாம்.